நின்றபடி பாடம் கேட்பவர்கள்

வார்சா, நவம்பர் 1937

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

தோல் விற்க வந்த ஊரில் குளிரைத் தவிர எனக்குக் குறையில்லை. உன் முழங்கால் வலி தேவலையா?

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரியுடைய மகன் எலியாஸ் இங்கே யூத மாணவர்களின் தலைவன். கல்லூரியில் யூதருக்கென்று தனிப் பெஞ்சு ஒதுக்கினார்கள். அதில் உட்கார மறுத்து, எல்லாரும் நின்றபடியே பாடம் கேட்கிறார்கள். நீக்கிவிடுவோம் என்று மிரட்டியும் அசையவில்லை. நேற்று எதிர்க்கோஷ்டி மாணவர்கள் அடித்ததில் அவனுக்கு உதடு வீங்கியது, அவ்வளவுதான், பயப்படாதே. யூதரல்லாத தோழர்கள் இரண்டு பேர்கூட அவனோடு நிற்கிறார்களாம். கேட்டதும் எனக்கு அவன்மேல் பொறாமை வந்தது.

வேலூரில் படிக்கும்போது என்னை, "தோல் நாத்தம் தாங்கல, அந்தாண்ட போய்க் குந்துடா" என்றார்கள். தனியாகப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த உன் அண்ணன் தலை நிமிரவேயில்லை.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பு. அண்ணன் பார்சல் கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம், நீயே கட்டு. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன்
ஆரோக்கியசாமி