எட்டுக் கம்பி ஜன்னல்

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

வேலை நேரத்தில் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துவிடு. செல்போனில் அனுப்பினால் ஒரு சிரிப்புப் பொம்மையோடு முடித்துவிடுவாய். அதனால்தான் தாள்.

பத்திரிகையில் உன் படம் பார்த்தோம். இரண்டே வருடத்தில் எல்லாரும் உங்கள் மெய்நிகர் உலகத்தில் குடியேறிவிடுவார்கள் என்கிறாராமே உன் முதலாளி! "உன் கூட்டாளி எங்க போயிட்டா பாரு" என்று அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார். வீட்டின் முதல் பட்டதாரியான நானோ, வாஷிங் மெஷின் கம்பெனியில் "தண்ணி இறங்கலையா மேடம்?" என்று போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடையில் உங்கள் உலகத்தைக் காட்டும் அந்தக் கண்ணாடியைப் பத்து நிமிடம் மாட்டிவிட்டார்கள். நேராக நீ கட்டிய 'தோழிகள் அறை'க்குப் போனேன். நம் விடுதி அறையேதான். நான் நோட்டில் வரைந்த அதே எட்டுக் கம்பி ஜன்னல். கதவில் உன் பெயர் மட்டும். என் கட்டிலில் ஒரு கிராப்புக்காரி. "வாங்க, இது என் இடம்" என்கிறாள்!

நன்றாக இரு.
கோட்டான்

பிப்ரவரி 17

அடி கோட்டான்,

எட்டு மாதமாகப் போனை எடுக்காதவளுக்குக் கட்டில் மேல் கோபமா? அவள் என் பக்கத்து சீட். கட்டில் காலியாகக் கிடக்கிறதே என்று உட்காரவைத்தேன். போன வாரம் வேறு வேலைக்கு ஓடிவிட்டாள்.

பேசும் மென்பொருள்தான் இனி எல்லாம் என்கிறார் முதலாளி. "அப்ப நாங்க கட்டின உலகம் சார்?" என்றேன். "அது போன வருஷம்மா" என்றார். நாற்பது நாற்காலிகளில் ஆறு பேர் இருக்கிறோம். மாதக் கடைசியில் அந்த உலகத்தை அணைக்கிறார்கள். என் வேலையும் அன்றோடு சரி. தினமும் நம் அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சிரிக்காதே.

வாயாடி

பிப்ரவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

சிரிக்கவில்லை. ஆனால் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, இனி அவளுக்கும் இல்லை என்று. பிறகு வெட்கப்பட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கம்பெனியின் நேர்முகத் தேர்வன்று "உன் நோட்டைக் காட்டிக்கட்டுமாடி?" என்று கேட்டாய். தலையாட்டினேன். "யார் வரைஞ்சது?" என்று அவர்கள் கேட்டதும், நீ "நான்தான்" என்றதும் வெளியே பெஞ்சில் இருந்த என் காதில் விழுந்தன. அடுத்து என் முறை. காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. போனை எடுக்காததற்கு அதுதான் காரணம்.

எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். வாய் உள்ளவர்கள்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

கோட்டான்

பி.கு.: அணைக்கும் முன் அந்தக் கதவில் என் பெயரையும் எழுதிவிடு. பார்க்க ஆளில்லாவிட்டாலும் பரவாயில்லை. கோட்டான் என்று வேண்டாம். என் முழுப் பெயர்.