குட்டிக்காட்டு அம்மன்

கீழ்பென்னாத்தூர்,
9.9.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கல்யாணமாகித் திருவண்ணாமலைக்குத் தப்பித்துவிட்டாய், நான் மாட்டிக்கொண்டேன். நம் கடலைக் கொல்லை ஓரம் வேம்பும் புங்கமும் நிற்கிறதே, அந்தக் குட்டிக்காட்டை வெட்டி அங்கேயும் கடலை போடுவேன் என்று போன மாதமே அப்பா கிளம்பினார். அங்கே அடையும் கரிச்சான் குருவிகள்தான் நம் கடலைக்கு வரும் கம்பளிப்பூச்சியைத் தின்கின்றன என்றேன்.

"நீ மொதல்ல பத்தாவது பாஸாவுடா" என்றார்.

அதனால் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, காட்டுக்கு நடுவே நட்டேன். சாமி இருக்கிற இடத்தில் யார் கோடாலி வைப்பார்கள்? ஊரே பொங்கல் வைத்தது. காணாமல் போன அம்மிக்குழவி கிடைக்கணும் என்று அம்மா வேண்டிக்கொண்டாள்.

நேற்று அப்பா சொல்கிறார்: "ஆத்தா மழைல நனையுதுடா. வெள்ளிக்கிழமை மரத்தையெல்லாம் எடுத்துட்டு, சிமெண்டுல கோயில் கட்டலாம்." தலையில் அடித்துக்கொண்டேன். அருள் வந்துவிட்டது என்று அம்மா திருநீறு பூசினாள்!

வேறு வழியில்லை. வியாழக்கிழமை அம்மனைப் பிடுங்கிக் கழுவி, அம்மா கையில் கொடுக்கப் போகிறேன். அவளுடைய குழவியை அவளுக்கு அடையாளம் தெரியும். சாமியே இல்லையென்றால் கோயில் எதற்கு, கடலை விதைக்கும் ஆடிப்பட்டமும் போய்விட்டது, அப்பா இனி எதற்கு மரத்தை வெட்டுவார்?

அன்று சாயங்காலம் முதுகு வீங்கி உன் வாசலில் நின்றால், காடு பிழைத்தது என்று அர்த்தம். சோறு போடு.

இப்படிக்கு,
அம்மனுக்கே அப்பனான உன் தம்பி