மேட்டில் நின்றுபோகும் வண்டிகள்

அன்பான மாமா,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அக்கா மறுபடி தையல் மிஷினில் உட்கார ஆரம்பித்திருக்கிறாள். திருப்பதிக்கு வெளியே நம் ஷெட்டை நான்தான் திறந்து மூடுகிறேன். இத்தனை நாள் உங்களோடு பேசாததற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை, மாமா. பயம்.

மேடு பள்ளத்தில் ஓட்டும் நம் நாலு சக்கர ஏடிவியின் என்ஜினுக்கு எந்த ஃப்ளைவீல் போடுவது என்று நாம் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது.

"கம்பெனி வீல் வேணாம்டா சேகரு. கல்லைக் கட்டிக்கினு ஓடுற மாதிரி கீது. லேத்துல ஏத்தி வெயிட்டைக் கொறை. ஆக்சிலேட்டரைத் தொட்டா எகிறணும்."

"எகிறும் மாமா. ஆனா மேட்டுல மெதுவா ஏறும்போது அந்த வெயிட்டுதான் என்ஜினைச் சுத்த வைக்குது. கொறைச்சா சட்டுனு நின்னுடும்."

"நீ பயந்துக்கினே இரு" என்று சிரித்தீர்கள்.

மூன்று நாள் மறுத்தேன். நான்காம் நாள் என் கையாலேயே கடைந்து கொடுத்தேன். வண்டிக்கு ஒன்று, ஸ்பேருக்கு ஒன்று. ஏன் ஒத்துக்கொண்டேன்? உங்கள் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரண்டு மாதம் சமதளத்தில் பறந்தீர்கள். பார்த்தவர்களெல்லாம் அசந்துபோனார்கள். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலையடிவாரச் சரிவில் பாதி ஏறியபோது என்ஜின் நின்றது. அதற்கு முன் டயர் சறுக்கவில்லை, கல் புரளவில்லை. சத்தம் மட்டும் நின்றது. வண்டி பின்னால் உருண்டு, மல்லாந்து, உங்கள் மேலேயே விழுந்தது. கீழே நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"கல்லுல டயர் சறுக்கிடுச்சுக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். போலீசிடமும் அதையே சொன்னேன். காரியம் முடிந்து ஷெட்டைத் திறந்தபோது ஸ்பேர் வீலைக் காணவில்லை. நான் தேடவும் இல்லை.

போன வாரம் குடுபல்லி என்கிற ஊரிலிருந்து ஷெட் நம்பருக்கு ஒரு போன் வந்தது. கிருஷ்ணப்பா என்று ஒருவர். மேட்டில் மாந்தோப்பு வைத்திருக்கிறார், மருந்தடிக்க ஏடிவி ஓட்டுகிறார். "சார், ஏறிக்கினு இருக்கும்போதே வண்டி நின்னுடுது. ஒங்க மாமாதான் ஏதோ வீல் மாத்திக் குடுத்தாரு. அவரு நம்பருக்குப் போட்டா எடுக்கல" என்றார். மறுநாள் காலை ஒரு கம்பெனி வீலைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் வழியாகப் பஸ் ஏறினேன்.

தோப்பின் சரிவு உங்கள் சரிவைப் போலவே இருந்தது. அதன் அடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் அவர் மனைவி லட்சுமம்மா. கிணற்றுக்கு ஒரு முழம் முன்னால் மண்ணில் டயர் இழுத்த தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"இது என்னம்மா?"

"ஒருநாளு வண்டி பின்னால உருண்டு இங்க வந்துதான் நின்னுச்சு" என்றார் அந்த அம்மா, ஏதோ செருப்பு அறுந்ததைச் சொல்வதுபோல.

வீலைக் கழற்ற வேண்டும் என்றதும் கிருஷ்ணப்பா மறித்தார். "ஒத்தண்டி, வேணாம்! என்னமா எகிறுது தெரியுமா? கார்புரேட்டரை மட்டும் பாத்துட்டுப் போங்க சார்."

எவ்வளவோ விளக்கினேன். அவர் அசையவில்லை. அதற்கு மேல் என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, மாமா. "எங்க மாமா இப்ப இல்லைங்க. இந்த மாதிரி வீலாலதான் போயிட்டாரு. நான்தான் கடைஞ்சு குடுத்தேன்" என்றேன். வெளியே அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

லட்சுமம்மா ஒருமுறை கிணற்றைப் பார்த்தார். பிறகு அவரே போய் வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

வீலைக் கழற்றி, கம்பெனி வீலை மாட்டிவிட்டு, பழையதைத் துடைத்தேன். காணாமல்போன ஸ்பேர் கிடைத்துவிட்டது, இதோடு இது முடிந்தது என்று நினைத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நான் எதைக் கடைந்தாலும் உள்விளிம்பில் ஒரு புள்ளி குத்துவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீலில் புள்ளி இல்லை. விளிம்பைக் கடைந்திருந்த விதமும் என்னுடையது இல்லை. நான் கடைந்ததைவிட அது மெலிசாக வேறு இருந்தது.

"வீல் மாத்த வந்த அன்னிக்கு அவரு பையில இந்த மாதிரி நாலஞ்சு இருந்துச்சே" என்றார் கிருஷ்ணப்பா.

என் ஸ்பேரை மாதிரிக்குக் காட்டி எந்த லேத்தில் கடையக் கொடுத்தீர்கள், மாமா? நான் மறுபடி மறுப்பேன் என்றுதான் என்னிடம் சொல்லவில்லையா? யார் யாருக்கு மாட்டினீர்கள்? உங்கள் போனில் பாதி நம்பர்களுக்குப் பெயரே இல்லை. கூப்பிட்டுப் பார்க்கிறேன். சிலர் எடுக்கிறார்கள், "வண்டி சூப்பரா ஓடுது" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். நகரிக்காரர் ஒருவர் போன மாதமே வண்டியை விற்றுவிட்டாராம். வாங்கியவர் யார், அவர் ஊரில் மேடு இருக்கிறதா, எதுவும் தெரியவில்லை.

இன்று காலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிஷினை நிறுத்தினாள்.

"ஒன்ன அப்பறம் கேட்டுக்கறேன்" என்றாள். "இன்னும் எத்தினி பேருடா அதுல ஏறிக்கினு கீறாங்க?"

நாளை நகரிக்குப் போகிறேன், மாமா. அக்காவும் வருகிறாள். ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துக் கழற்றுவேன். கடைசி வீல் கைக்கு வரும்வரை லேத்தைத் தொட மாட்டேன். அதற்குள் இன்னொரு போன் வந்துவிடக் கூடாது.

உங்கள் பேச்சைத் தட்டத் தெரியாமல் போன,
உங்கள் மனைவியின் தம்பி
சேகர்