அக்காவின் பாவசங்கீர்த்தனம்

திங்கள். ஐப்பசி மழை.

மில்லில் சங்கு ஊதுவதை நிறுத்திய வருடம். கோயில் மணிக்குக் கரண்ட் மோட்டார் மாட்டியதும் இந்த வருடம்தான். மோட்டார் மாட்டிய வாரத்தில்தான் பிரதர் லாரன்ஸ் இராஜபாளையம் வந்தார். சாமியாராகக் குருமடத்தில் பாதிப் படிப்பு முடித்து, ஒரு வருடம் எங்கள் பங்குக் கோயிலில் ஊழியம் பழக. கோயில் வேலை பார்க்கிறவன் நான், படிப்பில்லை. ஜெபப் புத்தகம் பார்த்து எழுத்துக் கூட்டியவன். இந்த நோட்டில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

கோயில் கூரை ஒழுகல். வாளி வைத்தேன். பிரதர் ஏணியில் ஏறிவிட்டார்.

"விழுந்திராதீக. குருமடத்துக்கு யாரு பதில் சொல்ல?"

"விழுந்தா அதுவும் டிரெய்னிங்தான் ஐயா."

செவ்வாய். மழை விடவில்லை.

சோழபுரத்திலிருந்து அக்கா மகன் போன். அக்காவுக்கு மூச்சு இழுக்கிறதாம். ஆஸ்பத்திரி வேண்டாம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் சாக மாட்டேன் என்கிறாளாம். பங்குச் சாமி வருடத் தியானத்துக்கு வெளியூர் போயிருக்கிறார். வெள்ளிதான் வருவார்.

நோயாளிகளைப் பார்ப்பதும் பிரதர் வேலை. ஜெபமாவது சொல்வோம் என்று கிளம்பினார். அங்கி போட்டு வாங்க, அக்கா சந்தோஷப்படுவா என்று நான்தான் சொன்னேன். தப்பாகிவிட்டது. வெள்ளை அங்கியைக் கண்டதும் அக்கா சிலுவை போட்டு, "என்னை ஆசீர்வதியும் சாமி" என்று தொடங்கிவிட்டாள்.

பிரதர் பதறி, "ஆச்சி, நிறுத்துங்க. நான் இன்னும் சாமியார் ஆகல."

"அங்கி போட்டிருக்கீரு?"

"படிக்கேன் ஆச்சி. பாவம் மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"எப்ப வரும்?"

"இன்னும் நாலு வருசம்."

"அம்புட்டு நாள் எவ இருப்பா? இப்ப கேட்டு வையும், பொறவு மன்னிச்சுக்கிடும்."

எல்லோருக்கும் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. கண்ணோரம் ஈரம். பிரதர் அதைப் பார்த்துவிட்டார். அங்கியைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தார்.

"செத்த நேரம் ஆச்சி. எங்கயும் போயிராதீக."

மழையில் ஸ்கூட்டரை எடுத்துப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்விலிருக்கும் பெரிய சாமிக்குக் காது மந்தம். போனில் ஆகாது, நேரில் போய்த்தான் கூட்டி வர வேண்டும்.

அக்கா என் கையை விடவில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், "ஏலே சூசை, வந்துட்டானா?"

வந்தார்கள். ஹெல்மெட் பெரிய சாமி தலையில். பிரதர் தொப்பல்.

பிரதர் எங்களை வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார். உள்ளே பெரிய சாமி, "கேக்கல தாயி, சத்தமாச் சொல்லு!"

அக்கா சத்தமாகவே தொடங்கினாள். தெருவே நின்றது. பிரதர் வாசலில் நின்று, தொண்டை கிழிய ஜெபமாலை ஆரம்பித்தார். "எல்லாரும் சொல்லுங்க! இன்னும் சத்தமா!" நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு முத்தம்மா இந்து. அவளும் "ஆமென், ஆமென்" என்று கத்தினாள். அக்கா சொன்னதில் ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை.

புதன். வெயில்.

அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சியும் கருவாடும் கேட்டாளாம். போன் போட்டாள்.

"ஏலே, செத்துருவேன்னுல்லா அம்புட்டையும் சொன்னேன். இனி சாமி மூஞ்சியில எப்படி முழிக்க?"

"அவிய காதுல பாதி விழுந்திருக்காது எக்கா."

"அந்தப் பிரதருக்கு நல்லாக் கேக்குமே?"

பிரதர் போனை வாங்கினார். குரல் கம்மிப்போயிருந்தது. "நான் கத்துன கத்துல எனக்கே ஒண்ணும் கேக்கல ஆச்சி."

மறைக்கல்வி வகுப்பை இன்று கைச்சாடையில் நடத்தினார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

வியாழன். மேகம்.

காலை ஜெபத்துக்கு முன் பிரதர் கேட்டார், உங்க கூடப் பொறந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க ஐயா, வேண்டிக்கிடுவோம் என்று. சொன்னேன். பெரியண்ணன் சவரிமுத்து, இல்லை. சின்னண்ணன் தாசன், இல்லை. தங்கச்சி ரோசம்மா, இல்லை. என்னை ஏலே என்று கூப்பிட இன்னும் இருப்பவள் அக்கா மரியபுஷ்பம் மட்டும்தான்.