மடக்கிய முட்டி

சேலையூர்
12.2.1992

அன்புள்ள மாப்பிள்ளை ராஜகோபாலுக்கு,

சம்பந்தம் எழுதுவது. நலம். என் தங்கை தனக்கோடி உங்களுக்குச் சோறு போடுகிறாளா, சண்டை மட்டும்தானா? குழந்தையைக் கூட்டிக்கொண்டு கோடையில் வாருங்கள். வண்டலூரில் புலி காட்டுகிறேன்.

கேம்ப் ரோட்டில் என் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை ஓடுகிறது. மோட்டார்களுக்குப் பறக்கும் ஆசை கிடையாது என்பதால் நிம்மதி.

ஒன்று கேட்க வேண்டும். புதிதாக வரும் விமானப் பள்ளி ஒன்றில் மெக்கானிக்காகக் கூப்பிடுகிறார்கள். பறிபோன என் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தால்தான் வேலை. எண்பத்தாறில் நீங்கள் இறக்கிய ஃபிளையிங் கிளப் விமானம் தரையில் சுழன்று இறக்கை உடைந்ததே, அன்று வால் சக்கரத்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை என்று விசாரணையில் பொய் சொல்லிப் பழியை என் மேல் போட்டுக்கொண்டேன். உங்களுக்கும் தனக்கோடிக்கும் நிச்சயதார்த்தம் ஆகிப் பத்தே நாள். உங்கள் லைசென்ஸ் போனால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம்.

இப்போது நீங்கள் நல்ல பைலட் வேலையில் இருக்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதித் தந்தால் போதும்.

அன்புடன்,
சம்பந்தம்


பம்பாய்
9.3.1992

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் எனக்குக் கேப்டன் தேர்வு. இந்த நேரத்தில் பழையதைக் கிளறுவது சரியாக இருக்காது.

அதோடு, யோசித்துப் பார்த்தேன். அன்று என்னோடு பறந்த உங்கள் சீட்டுக்கு முன்னாலும் விமானத்தைத் திருப்பும் பெடல்கள் இருந்தன. பயத்தில் நீங்களும் மிதித்திருக்கலாம் அல்லவா? குற்றமாகச் சொல்லவில்லை.

தனக்கோடி உங்களுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். தாம்பரத்தில் எதற்கு ஸ்வெட்டர் என்றால் கேட்டால்தானே.

அன்புடன்,
ராஜகோபால்


சேலையூர்
17.3.1992

திரு. ராஜகோபால் அவர்களுக்கு,

ரிப்பேருக்குக் கையெழுத்துப் போட்டவன் முதல் தடவை கூடவே பறக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறுவேன். அன்று, "மச்சான், பெடல்ல கால் படாம மடக்கிக்குங்க" என்று சொன்னது நீங்கள்தான். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

சக்கரம் தரையைத் தொட்டது. வாலும் இறங்கியது. வேகம் குறையும் முன்பே நீங்கள் என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். அதற்குள் விமானத்தின் மூக்கு இடது பக்கம் போய்விட்டது. நீங்கள் வலது பெடலை மிதித்தபோது நேரம் கடந்திருந்தது. விமானம் பம்பரமாகச் சுற்றியதில் என் வலது முட்டி கதவில் மோதி உடைந்தது. காலை நீட்டிப் பெடலை மிதித்திருந்தால் முட்டி கதவு வரை எப்படி வரும்? ஓடிவந்த கிளப் டிரைவர் சிட்டிபாபு, "இன்னா சார், சாப்பாட்டுப் பந்தில குந்திகினு கீற மாதிரி கீற" என்று கேட்டுக்கொண்டேதான் என்னை வெளியே தூக்கினான்.

எனக்குக் கோபம். மறைப்பதற்கில்லை. மாதக் கடைசி வரை அந்தப் பள்ளி காத்திருக்கும். நான் இனிக் கேட்கமாட்டேன். தனக்கோடிக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஸ்வெட்டரைப் பின்னட்டும்.

சம்பந்தம்


பம்பாய்
26.3.1992

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் டெல்லியில் இருந்தேன். தனக்கோடி பிரித்துப் படித்துவிட்டாள். வந்தவுடன் காபி கொடுத்தாள். பிறகு தாளும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "எங்க அண்ணன் அஜாக்கிரதைன்னு ஆறு வருஷமா நானும் நம்பிட்டிருந்தேன்" என்றாள்.

நடந்ததை நடந்தபடி விசாரணை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். மறுவிசாரணை முடியும் வரை பறக்க வேண்டாம் என்றார்கள். கேப்டன் தேர்வும் இல்லை.

அன்று ஏன் உங்கள் பக்கம் திரும்பினேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. தை மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ள எங்கள் அப்பா சம்மதித்திருந்தார். அதை உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற அவசரம். தரையைத் தொட்டதுமே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பெடல் விஷயத்தை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

முட்டி இப்போது எப்படி இருக்கிறது? இதை நான் ஒரு தடவைகூட உங்களிடம் கேட்டதில்லை. பதில் எழுதுங்கள், மச்சான்.

ராஜகோபால்