மூணு பம்புதான்

பெப்ரவரி 5, வியாழன்

அரிசி தீட்டுகிற மெசினின் பேரிங் இன்றைக்கும் போனது. இந்த அறுவடைக்குள் மூன்றாவது. வாசலில் ஒன்பது நெல் லொறி. மில் முதலாளி ஹஸன் ஹாஜியார் என் முகத்தையே பார்க்கிறார். நான் என்ன, பேரிங்கைப் பெற்றவனா?

கழற்றிப் பார்த்தேன். உள்ளே கிறீஸ் அடைத்துக் கிடந்தது, வட்டலப்பப் புடிங் சட்டி மாதிரி. கிறீஸ் இல்லாவிட்டால் பேரிங் எரியும், அது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் எரியும். உருளைக்கு ஓட இடமில்லாமல் கிறீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடு ஏறும், சீல் பிதுங்கும். டிப்ளோமாவில் முதல் வருடப் பாடம். கையால் அமுக்குகிற கிறீஸ் கன்னில் வாரத்துக்கு மூன்று பம்பு அடித்தால் இதற்குப் போதும்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு மில் நிற்கிற நேரம்தான் கிறீஸ் அடிப்பது. அடிப்பவர் மில்லின் பழைய மெக்கானிக் மீராமுகைதீன் பாஸ். நோன்புப் பெருநாள் கழிய நான் கலியாணம் முடிக்கப்போகிற றம்ஸியாவின் வாப்பா. என் மாமா.

உம்மாவிடம் சொன்னேன். "நிக்காஹ் முடியுமட்டும் வாயப் பொத்திக்கிட்டு இரி மனே" என்றா.

பெப்ரவரி 6, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தீட்டு மெசின் தவிர மற்றதெல்லாம் ஓடியது. பதினொன்றரைக்கு மில் நின்றதும் மாமா கன்னைத் தூக்கினார். "மாமா, நீங்க அளவில்லாம அடிக்கிறீங்க. அதுதான் எரியுது" என்றேன். ஹாஜியார் நிற்கிறார், மூடை தூக்குகிறவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள்.

"மூணு பம்பு. வல்லாஹி, மூணுதான்" என்று மாமா சத்தியம் பண்ணினார்.

"பேரிங் பொய் சொல்லாது மாமா."

அந்தக் கடைசி வசனம் தேவையில்லாதது. மாமா கன்னைக் கீழே வைத்தார். சவுக்காரம் போட்டு நகத்தடிவரைக்கும் கை கழுவினார். தொழப் பள்ளிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

பெப்ரவரி 7, சனி

மாமா வேலைக்கு வரவில்லை. நாளைக்கு வருவார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

வரவில்லை.

உம்மா சம்மாந்துறைக்கு, மாமா வீட்டுக்குப் போய் வந்து, செருப்பைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டா. றம்ஸியாவின் உம்மா கேட்டாவாம்: "நாலு பேருக்கு முன்னால என்ட மனிசனப் பொய்யன் எண்ட புள்ளைக்கு, வீட்டையும் குடுத்து, அதே வீட்டுல வச்சுச் சோறும் போடுறதா?" நிக்காஹ்வைக் கொஞ்சம் பிந்திப் பார்ப்போம் என்கிறார்களாம். பிந்திப் பார்ப்பது என்றால் என்ன? எனக்கு விளங்காதா?

றம்ஸியாவிடமிருந்து ஒரு மெசேஜ். "வாப்பா பொய் சொல்லுவாரெண்டா நினைக்கிறீங்க?"

பேரிங் ஏன் சூடாகிறது என்று பதினொரு வரி எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டா. பதில் இல்லை.

பதினொரு வரி! மடையன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

புதுப் பேரிங் போட்டாயிற்று. ஒரு பம்பில் எவ்வளவு கிறீஸ் வருகிறது என்று கல்முனை நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். ஒன்றே கால் கிராம். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இது எந்த ஊர்த் தங்கம் தம்பி?" என்றார். சுற்றி நின்ற பொம்பிளைகள் எல்லாம் சிரிப்பு.

சூடு ஐம்பத்தொரு பாகை. அருமை. அளவாக அடித்தால் இப்படித்தான் இருக்கும். மாமா வந்து பார்க்கட்டும்.

மாமா வரமாட்டார். அதுதானே பிரச்சினை.

பெப்ரவரி 13, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேணும்.

பதினொன்றரைக்கு மில் நின்றது. போட்டு மூன்று நாள்தான், ஒரு பம்பே போதும். ஆனால் மாமா சொன்ன அதே மூன்றை நானே எண்ணி அடித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். வாய்விட்டு எண்ணினேன். கிறீஸ் ஏறுகிற முனையை, நிப்பிளைத் துடைத்து, கன்னை மூடைக்கு மேல் வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன்.

இரண்டு மணிக்கு மில் ஓடியது. மூன்று மணிக்குச் சூடு எழுபத்தெட்டு. சீல் ஓரத்தால் கிறீஸ் வழிகிறது.

மூன்றுதான் அடித்தேன்! வல்லாஹி மூன்று! — யாரும் கேட்கவில்லை, நானாகவே சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் இது யாருடைய வசனம் என்று உறைத்தது.

நெல் கொட்டுகிற குழியில் நிற்கிற காரைதீவுச் சுதன் அண்ணன் பிளேன்டீயோடு வந்தார்.

"என்ன முழிக்கிறாய்? நான் வழமைபோல மூணு குடுத்திட்டன்."

"என்னத்த?"

"கிறீஸ். நீங்க எல்லாரும் தொழப் போனா நான் தனியத்தானே இரிக்கன்? சும்மா கொட்டாவி விடுறதுக்கு, எல்லா நிப்பிளுக்கும் அடிச்சிடுவன். வந்த உடன ஓட்டலாந்தானே."

"மாமா அடிச்சிட்டுத்தானே போறவர்?"

"மீராமுகைதீன் காக்காவா? நான் போய்ப் பாத்தா நிப்பிள் பளிச்செண்டு காய்ஞ்சு கிடக்கும். கிறீஸ் அடிச்ச அடையாளமே இல்ல. பாவம், பள்ளிக்கு ஓடுற அவசரத்துல மறந்திட்டார் எண்டு நினைப்பன்."

மாமா அடித்த பிறகு நிப்பிளைத் துணியால் துடைப்பார். அந்தத் துப்பரவுதான் வினை. நானும் துடைத்தேன்.

"எத்தின வருசமா?"

"நாலு."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"செஞ்ச உதவியச் சொல்லிக் காட்டுறதா?" என்றார், நிசமாகவே கோபப்பட்டு.

நாலு வருசம். மூன்றும் மூன்றும் ஆறு. வழிகிற கிறீஸைப் பார்த்து, "இப்ப வாற பேரிங் ஒண்டும் தரமில்ல" என்று மாமா ஏசுவார். என்ன ஒரு மில்!

பெப்ரவரி 14, சனி

மாமா வீட்டுக்குப் போனேன். கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். "மாமா, நான் சொன்னது பிழை. நீங்க மூணுதான் அடிச்சிருக்கிறீங்க" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"நானும் மூணுதான் அடிச்சன். என்டதும் சூடாகிட்டு."

சுதன் அண்ணன் பெயரை எடுக்கவில்லை. ஒருவரை நாலு பேருக்கு முன்னால் வைத்தது போதும்.

மாமா தவிட்டைக் குழைத்தபடியே, "சொன்னது மில்லுல. வாபஸ் வாங்குறது வீட்டுலயா?" என்றார். நியாயம். திங்கள் எட்டு மணிக்கு வாங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். யன்னல் சீலை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

பெப்ரவரி 16, திங்கள்

மாமா இஸ்திரி போட்ட சேட்டில் வந்தார், கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி. எல்லாரையும் கூப்பிட்டேன். "மாமாவில பிழையில்ல. தெரியாமக் கதைச்சது நான். மன்னிச்சுக்கோங்க மாமா" என்றேன். நீளமாக எழுதி வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

ஹாஜியார் விடவில்லை. "அப்ப பிழை எதுல? பேரிங்குலயா, கன்னுலயா?"

"என்ட வாயில ஹாஜியார்."

அப்போது குழிக்குள்ளிருந்து சுதன் அண்ணன் ஏறி வந்தார், தலை முழுக்கத் தூசு. "இவன் எனக்காக மறைக்கான். காக்கா, நீங்க அடிச்சதுக்கு மேல நாலு வருசமா நானும் அடிச்சிருக்கன்."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. "அட சுதன்! ரெண்டு பேரும் சேந்து பேரிங்குக்கு வெள்ளிக்கு வெள்ளி கந்தூரி விருந்து குடுத்திரிக்கம்!"

இனி அடிக்கிறவர் நிப்பிளில் ஒரு சாக்கு நூல் கட்ட வேணும். நூல் இருந்தால் மற்றவர் தொடக்கூடாது. மாமாவின் யோசனை. எனக்கு வந்திருக்க வேண்டியது.

இரவு மெசேஜ். "பதினொரு வரியும் வாசிச்சன். விளங்கல்ல. வந்து சொல்லித் தாங்க, பெருநாள் கழிஞ்சு."

பெப்ரவரி 27, வெள்ளி

நோன்பு ஒன்பது. பேரிங் நாற்பத்தொன்பது பாகை. என் மண்டை அறுபது இருக்கும்.

ஏப்ரல் 2, வியாழன்

சம்மாந்துறையில் இருந்து எழுதுகிறேன். நிக்காஹ் முடிந்து ஐந்தாம் நாள். மேசை றம்ஸியாவுடையது. எழுத எழுத ஆடுகிறது.

ஒரு கால் நீளம், கண்ணாலேயே தெரிந்தது. மரம் அறுக்கிற வாளை எடுத்து மேசைக் காலடியில் வைத்தும்விட்டேன். அப்படியே நிறுத்தி, "இது எப்ப இருந்து ஆடுது?" என்று கேட்டேன்.

"கால் நாலும் சரி. தரைதான் பள்ளம்" என்றா. "வாப்பா தன்ட கையால சீமெந்து போட்ட தரை. போய்ச் சொல்லப் போறீங்களா?"

வெளியே மாமா கோழிகளை ஏசிக்கொண்டிருந்தார்.

இல்லை என்றேன். பிஸ்கட் பெட்டி மட்டையை நாலாய் மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை.