கட்டிங் மெஷின் குழாயில் கை வைத்தால்

என் தங்கக் குமரா,

ஊர் பார்க்க இப்படி எழுதுகிறாளே அக்கா என்று கூச்சப்படாதே. பட்டறையில் நடப்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம்டா சொல்வேன்?

மயிலாப்பூர் பட்டறையை நான் மூடவில்லை. உன் காரியம் முடிந்த மறுநாளே நம் வேலைக்காரப் பையன் மணி பட்டினப்பாக்கத்திலிருந்து வந்து கதவைத் திறந்துவிட்டான். தூசு உறிஞ்சும் மெஷினிலிருந்து கட்டிங் மெஷினுக்கும் இழைப்பு மெஷினுக்கும் நீ மாட்டிவிட்டுப் போன புதுக் குழாய்கள் அப்படியே இருந்தன. சுவிட்சைப் போட்டதும் மரத்தூள் அத்தனையும் குழாய்க்குள் விர்ரென்று ஓடியது. அப்பாடா, இனி பையன்கள் இருமாமல் வேலை செய்வார்கள் என்று நினைத்தேன். அதற்குள் மணி அலறினான்.

"அண்ணன்க்கா! குழா மேல கை வச்சேன், கை முட்டில தட்டுனாரு!"

ரம்பத்துக்குப் பக்கத்தில் யார் கையாவது போனால், எடுடா என்பதற்கு இரண்டு விரலால் முழங்கையில் தட்டுவாயே, அதே இடம். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முழங்கையில்தான்.

கே.கே. நகரிலிருந்து எலக்ட்ரீஷியன் பாஸ்கரைக் கூப்பிட்டேன். "பிளாஸ்டிக் குழாய்ல தூள் வேகமா ஓடினா உரசி கரண்ட் சேரும்க்கா. செம்புக் கம்பிய சுத்தி எர்த் குடுத்தா நின்னுடும்" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஆனா கடல் காத்து இவ்ளோ ஈரமா அடிக்கிற இடத்துல இப்படி ஷாக் அடிக்காதே" என்று தனக்குள் முணுமுணுத்தான்.

அந்தக் கம்பியை வாங்கத்தானே நீ தேனாம்பேட்டைக்குப் போனாய்? சிக்னலில் வண்டியோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கம்பிச் சுருள் உன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பாஸ்கரிடம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கட்டினால் நீ நின்றுவிடுவாய். எனக்கோ நீ இன்னும் ஒரு முறைகூடத் தட்டவில்லை.

பகலெல்லாம் அந்தக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன் குமரா. ஒன்றுமே இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா போனபின் உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். வேலைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் தட்டுவாய், எனக்கு மட்டும் மாட்டாயா?

போதாததற்கு, பையன்கள் குழாய்க்குப் பொட்டு வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், தூள் நிரம்பிய பைக்குப் பக்கத்தில் மணி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறான்! "பட்டறையையே கொளுத்தப் பார்க்கிறியா, படுபாவி!" என்று தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

"அண்ணன் இங்கதான கீறாரு. அவருக்கு ஏத்தாம இன்னாக்கா பண்றது?" என்றான்.

அடுத்த நாள் பலகை அறுக்கும்போது அவன் தோள் குழாயில் உரசியது. துள்ளினான். கை ரம்பத்தின்மேல் போய்விட்டது. நல்லவேளை, நகத்தோடு போயிற்று. ரத்தத்தைப் பார்த்ததும் என் அழுகை, ஆத்திரம் எல்லாம் அடங்கிவிட்டது. ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு பாஸ்கரை மறுபடி வரச்சொன்னேன்.

அவன் முதலில் என் காலைத்தான் பார்த்தான். "ரப்பர் செருப்பு போட்டிருக்கீங்கக்கா, அதான் உங்களுக்குத் தெரியல." ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த மெஷின் என்று இவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால், ஆணி குத்தினால் ஆறாது என்று நீதான் அதட்டி என்னைச் செருப்போடு வரவைத்தாய்.

ஒரே ஒரு தடவை, கம்பியைக் கட்டுவதற்கு முன்னால், என்று பாஸ்கரிடம் கெஞ்சினேன். செருப்பைக் கழற்றினேன். குழாயில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மெஷினைப் போடு மணி என்று சொல்ல வாய் திறந்தேன்.

அதற்குள் தட்டினாய். முழங்கையில், இரண்டு விரலால்.

மோட்டார் ஓடவில்லை. கம்பி கட்டுவதற்காகக் கழற்றிய மெயின் ஃபியூஸ் இன்னும் பாஸ்கரின் கையில் இருந்தது. குழாய்க்குள் ஒரு துளித் தூள்கூட அசையவில்லை. என் முகத்தைப் பார்த்த மணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"கட்டட்டுமாக்கா?" என்றான் பாஸ்கர்.

"கட்டு" என்றேன்.

அதன்பிறகு யாருக்கும் தட்டுவதில்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது. நான்தான் அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். என் கைக்குப் பக்கத்தில் ரம்பம் சுற்றவில்லையே குமரா, எதிலிருந்துடா எடுக்கச் சொன்னாய்? நான் பிடித்துக்கொண்டிருந்தது உன்னைத்தானே?

எடுத்துவிட்டேன்டா. இனி அந்தக் குழாயில் கை வைக்க மாட்டேன். நீ போ.

உன்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட
அக்கா